இரண்டு ஷிப்டுக்கு ஒரு வண்டி

போன வாரம் கும்மிடிப்பூண்டி பைபாஸ் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. டாங்கில் இருந்த பெயரெல்லாம் உரிந்துபோய், எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல முடியாத அளவுக்கு வயசாகியிருந்தது. ஆனால் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். இன்ஜினின் மேல்பாகத்திலிருந்து டக்டக்டக் என்று, யாரோ உள்ளே உட்கார்ந்து அவசரமாக ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பதைப் போல. ஓட்டியவர் என் வயசுக்காரர்தான். நான் இன்ஜினையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இன்னா சார் பாக்கிற?" என்றார்.

"எக்ஸாஸ்ட் டேப்பட் லூசா கீது" என்றேன்.

"தெரியும் சார். ஓடுற வரிக்கும் ஓடட்டும்னு வுட்டு வச்சிகீறேன்."

பச்சை விழுந்தது. அவர் போய்விட்டார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்து என் பரம்பரையை விசாரிக்கும்வரை நான் அங்கேயேதான் நின்றேன்.

டேப்பட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் தலையில் இரண்டு வால்வுகள். ஒன்று இன்லெட், பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும். மற்றது எக்ஸாஸ்ட், புகையை வெளியே விடும். ராக்கர் என்கிற ஒரு சின்ன இரும்புக் கை வால்வின் தலையில் தட்டித் தட்டி அதைத் திறக்கும். தட்டுகிற கைக்கும் வால்வின் தலைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அது அதிகமானால் சத்தம் வரும். இல்லாமலே போனால் சத்தம் வராது, ஆனால் வால்வு முழுசாக மூடாது. மூடாத வால்வு மூடாத கதவுதான். இன்ஜினுக்குள் அழுத்தம் நிற்காது, வண்டி கிளம்பாது. இந்த இடைவெளியைச் சரியாக வைப்பதைத்தான் டேப்பட் செட் பண்ணுவது என்பார்கள். முக்கியமாக, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது வைக்க வேண்டும். சூட்டில் எல்லா இரும்பும் அலுமினியமும் விரிந்து கிடக்கும். அப்போது வைத்த அளவு ஆறிய பிறகு நிற்காது.

ஆறிய இன்ஜினுக்கு நாங்கள் எங்கே போவது?

அப்போது எனக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு இருக்கும். ஆரம்பாக்கத்தில் கஸ்தூரி அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமா. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டி. நான் பம்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் காலை ஷிப்ட், மாமா கம்பி உருட்டும் மில்லில் மாலை ஷிப்ட். காலையில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு போவேன். மதியம் ஷிப்ட் முடிந்ததும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை முனையில் இருக்கிற டீக்கடைக்கு ஓட்டிவருவேன். மாமா ஷேர் ஆட்டோவில் வந்து அங்கே காத்திருப்பார். சாவி கை மாறும். ஆளுக்கொரு டீ. நான் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடுவேன். மாமா ராத்திரி வண்டியோடு திரும்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நான் காலையில் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் முகம் பார்த்துப் பேசியதெல்லாம் அந்த டீக்கடை பெஞ்சில்தான். அக்காவுக்கு என்ன உடம்புக்கு, கூரையில் எங்கே ஒழுகுகிறது, எனக்கு எப்போது பெண் பார்ப்பது, எல்லாம் அந்த டீ ஆறுவதற்குள் பேசி முடிக்கிற விஷயங்கள். மாமா டீயை ஆற்றி ஆற்றிக் குடிப்பவர் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே பேசினோம்.

டீக்கடைக்கு எதிரில்தான் மஸ்தான் பாயின் மெக்கானிக் கொட்டகை. வண்டி அவர் கண்ணில் படுகிற ஒரே நேரம் அந்த மதிய நேரம். நான் அப்போதுதான் ஓட்டிவந்து நிறுத்தியிருப்பேன். இன்ஜின் தொட்டால் தோல் உரியும். "காத்தால வரிக்கும் இங்கியே வுட்டுட்டு போ நைனா, கட தொறந்த உடனே செஞ்சிர்றேன்" என்பார். விட்டுவிட்டால் மாமா மில்லுக்கு எப்படிப் போவது, ராத்திரி எப்படித் திரும்புவது? சரி, ஞாயிற்றுக்கிழமை? ஞாயிற்றுக்கிழமை மஸ்தான் பாய்க்கு லீவு. இப்படியே மாதங்கள் போயின. வண்டி தைத்துக்கொண்டே இருந்தது.

எனக்கு அந்தச் சத்தத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலை இல்லை. மாமாவுக்குத்தான் மானப் பிரச்சினை. மில் கேட்டில் வண்டி நுழைந்ததும் வாட்ச்மேன், "ஏகாம்பரம், டெய்லர் கடய தொறந்துட்டியா? என் பேண்ட்ட கொஞ்சம் பிடிச்சுக் குடேன்" என்று கேட்பாராம். ஒருநாள் கேட்டால் சிரிக்கலாம். தினமும் கேட்டால்? மாமா ரோஷக்காரர். ஆனால் திருப்பிப் பேசத் தெரியாது. அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டதை டீக்கடையில் வந்து என்னிடம் கொட்டுவார்.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்கு நேர்காணல் கடிதம் வந்தது. அக்கா கல்யாணத்துக்கு முன்பே லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்தவள். ரத்தம் எடுப்பது, கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எல்லாம் கற்றவள். கல்யாணம், பிரசவம், அந்தக் குழந்தை தங்காமல் போனது என்று வருஷங்கள் போய்விட்டன. சான்றிதழ்கள் அரிசி டிரம்முக்கு மேலே ஒரு மஞ்சள் பைக்குள் கிடந்தன. மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், நேர்காணல் திருவள்ளூரில், காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில். வயசு வரம்பு அக்காவுக்கு அந்த முறையோடு முடிகிறது. அடுத்த முறை விண்ணப்பமே போட முடியாது. அக்கா இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு அது எல்லார் தலையிலும் உட்கார்ந்திருந்தது.

ஆரம்பாக்கத்திலிருந்து திருவள்ளூருக்கு நேர் பஸ் கிடையாது. ரயிலில் போவதென்றால் மெட்ராஸ் வரைக்கும் போய் வேறு லைனில் ஏறித் திரும்ப வேண்டும். மாமா வண்டியிலேயே கூட்டிப்போவதாக முடிவானது. தச்சூர் கூட்ரோட்டில் திரும்பி பெரியபாளையம் வழியாகப் போனால் சுலபம். அத்தோடு மாமாவின் தலையில் ஒரு யோசனை உதித்தது. கஸ்தூரி தையல் மெஷினில் உட்கார்ந்து சர்க்கார் ஆபீஸுக்குப் போய் இறங்கக்கூடாது.

போகி அன்று எனக்கு ஷிப்ட் உண்டு, மாமாவின் மில்லுக்கு அன்றே விடுமுறை. மதியம் வழக்கம்போல் வண்டியைக் கொண்டுவந்தேன். மஸ்தான் பாய் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். சூளூர்பேட்டையில் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்புகிறாராம். கரும்பு வாங்க வந்திருந்த மாமா அவரை மறித்துவிட்டார்.

"பாய், டேப்பட்ட மட்டும் டைட் பண்ணி வுட்டுடு. சத்தமே வரக்கூடாது."

"இன்ஜின் நெருப்பா கீதே ஏகாம்பரம். மூணு மணி நேரமாச்சும் ஆறணும்."

"அவ்ளோ நேரம் இல்ல பாய். கரும்பு வாங்கணும், பானை வாங்கணும், ஊட்ல காத்துக்கினு இருப்பா."

மாமா திடீரென்று டீக்கடைக்காரரிடம் போய் ஒரு சாக்கை வாங்கி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, கொண்டுவந்து இன்ஜின் மேல் போர்த்தினார். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தார்கள். இரண்டு தடவை சாக்கை நனைத்துப் போட்டதும் மாமா கையை வைத்துப் பார்த்து, "சில்லுனு ஆயிட்ச்சு பாய்" என்றார்.

"மேல சில்லுனு கீது. உள்ள கொதிக்குது. ஜுரத்துக்கு ஈரத்துணி போட்டா ஜுரம் பூடுமா?" என்றார் மஸ்தான் பாய். ஆனாலும் அவருக்கும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாமா நகர்கிற மாதிரி இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொழிற்சாலையில் என் வேலையே இடைவெளி அளப்பதுதான். ஆனால் எனக்கும் அந்தச் சத்தம் போனால் தேவலாம் என்றிருந்தது. மஸ்தான் பாய் தலையில் அடித்துக்கொண்டு மூடிகளைக் கழற்றினார். சத்தம் முழுசாக நிற்கும்வரை திருகினார். வண்டி பூனை மாதிரி ஓடியது. கரும்புக் கட்டை நான் தோளில் பிடித்துக்கொள்ள, மாமா வழியெல்லாம் ஹாண்டில்பாருக்குக் குனிந்து காது கொடுத்துக்கொண்டே ஓட்டினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

பொங்கல் மூன்று நாளும் யாரும் வண்டியை எடுக்கவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று எங்களிடம் மாடு இல்லாததால் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து ஹாண்டில்பாரில் மாலை போட்டோம்.

நேர்காணல் அன்று விடியற்காலை நல்ல பனி. அக்கா குளித்து, கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டி, மஞ்சள் பையோடு வாசலில் நின்றாள். மாமா கிக்கரை உதைத்தார். கிக்கர் காலை எதிர்க்கவே இல்லை, தொப்பென்று இறங்கியது. இன்னொரு உதை. தொப். சோக்கைப் போட்டு உதைத்தார், எடுத்துவிட்டு உதைத்தார். "கழுவுனதுல பிளக்குக்குள்ள தண்ணி பூந்துகீது" என்றார். பிளக்கைக் கழற்றித் துடைத்து, அடுப்பில் காட்டி மாட்டினோம். தொப். பிறகு தள்ளினோம். நான் பின்னால், மாமா மேலே. தெரு முனைவரை ஒருமுறை, திரும்பி ஒருமுறை. அந்த நேரத்தில் பக்கத்து லைனில் ரயில் போனது. அதில் ஏற்றியிருந்தாலாவது மெட்ராஸ் சுற்றிப் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று மூன்று பேருமே நினைத்தோம். தெருவில் வண்டி வைத்திருந்த இன்னொருவர் மாமியார் ஊருக்குப் போயிருந்தார். மஸ்தான் பாய் சூளூர்பேட்டையில்.

மாமா வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திண்டாடிப்போய் நின்றார். "நான்தான் கெடுத்துட்டேன். ஓடிகினு இருந்த வண்டி" என்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. கிக்கர் தொப்பென்று இறங்குகிறது என்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லை என்றால் வால்வு மூடவில்லை. சூட்டில் இறுக்கினது, ஆறியதும் இன்னும் இறுகிப்போய் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருக்கிறது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. இவ்வளவு மாதமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஆறிய இன்ஜின் இதோ வாசலில் நிற்கிறது.

"நானே செட் பண்றேன் மாமா" என்றேன்.

"நீ எப்பனா தொறந்து பாத்துகீறியா? கைய வச்சி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

அக்கா மஞ்சள் பையை ஜன்னல் கம்பியில் மாட்டினாள். "நிக்கிற வண்டிய இவன் இன்னா கெடுக்கப் போறான்? நீ தொறடா."

ஸ்பானர் இருந்தது, ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. இடைவெளியை அளக்கிற தகடுதான் இல்லை. தொழிற்சாலையில் என் லாக்கரில் ஒரு கட்டே இருந்தது, ஆனால் கேட்டைத் தாண்டி ஒரு ஆணியைக்கூடக் கொண்டுவர விடமாட்டார்கள். அப்போது நினைவுக்கு வந்தது பிளேடு. வேலை இல்லாத ஒரு மதியத்தில் நான் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் அளந்திருக்கிறேன். தலைமுடி, பீடி சுற்றும் இலை, பஸ் டிக்கெட், சவர பிளேடு. அதிகாரி வந்து திட்டிவிட்டுப் போனார். ஆனால் பிளேடின் கனம் எக்ஸாஸ்ட் வால்வுக்குத் தேவையான இடைவெளிக்குச் சரியாக இருந்தது மனசில் நின்றுவிட்டது. மாமா சவரப் பெட்டியிலிருந்து புது பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து, காகிதத்தோடு மடித்து இரண்டாக உடைத்துக் கொடுத்தார்.

பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பிளக் துளைக்குள் துடைப்பக் குச்சியை விட்டு அது மேலே எழுவதைப் பார்க்க வேண்டும். நான் ராக்கரைக் கவனிக்க, மாமா டார்ச்சையும் குச்சியையும் பிடித்துக்கொள்ள, சக்கரத்துக்கு ஆள் இல்லை. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"க்கா, கையெல்லாம் கரி ஆயிடும்."

"சுத்தட்டுமா வேணாமா?"

சுற்றினாள். இன்லெட் ராக்கர் இறங்கி ஏறியது. குச்சி மெல்ல எழுந்து வந்து நின்றது. நிறுத்தச் சொன்னேன். நட்டைத் தளர்த்தி, திருகைத் தளர்த்தி, பிளேடை விட்டு, லேசாகப் பிடிக்கிற மாதிரி வைத்து நட்டை இறுக்கினேன். நட்டோடு சேர்ந்து திருகும் நகர்ந்து இடைவெளி போய்விட்டது. மறுபடியும். மறுபடியும் போய்விட்டது. தொழிற்சாலையில் ஒன்று தப்பானால் ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். இங்கே அடுத்தது என்று ஒன்று இல்லை. அக்கா சக்கரத்தைப் பிடித்தபடியே சொன்னாள், "அவசரப்படாதடா. வெயின் கெடைக்கலன்னா ஊசிய எடுத்துட்டு ஒரு மூச்சு வுட்டுட்டுதான் மறுபடியும் போடணும். டிப்ளமோவுல எங்க மேடம் சொல்வாங்க." ஒரு மூச்சு விட்டேன். அடுத்த தடவை நின்றது. இன்லெட்டுக்கு அதே பிளேடைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்தேன். மூடிகளைப் போட்டோம், பிளக்கை மாட்டினோம்.

மாமா கிக்கரில் கால் வைத்தார். இந்த முறை கிக்கர் அவரை எதிர்த்தது. இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது, டக்டக்டக் என்று. முன்பு இருந்த அளவுக்கு இல்லை, ஆனால் சத்தம் இருந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "தெச்சிகினே போவட்டும் வுடு" என்று அக்காவை ஏறச் சொன்னார். அக்கா மண்ணெண்ணெயிலும் சோப்புத் தூளிலும் கையைத் தேய்த்துவிட்டுத்தான் ஏறினாள். நகக் கண்ணில் கரி போகவில்லை. நாஷ்டாகூட யாரும் தொடவில்லை.

நான் அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன். பம்பு மூடிகளை அளந்துகொண்டே, இந்நேரம் பெரியபாளையம் தாண்டியிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதியம் டீக்கடையில் மாமா இல்லை. இருக்க மாட்டார் என்று தெரிந்தும் போய் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அக்காவின் பெயரை முன்பே கூப்பிட்டு முடித்துவிட்டார்களாம். அக்கா கதவருகே போய் நின்றுகொண்டு நகரவில்லை. கடைசியில் உள்ளே விட்டார்கள். ரத்தம் எடுத்துக் காட்டச் சொன்ன டாக்டரம்மா நகத்தைப் பார்த்துவிட்டு, லேப் வேலைக்கு வருகிற கை இப்படியா இருக்கும் என்று கேட்டாராம்.

"நீ இன்னாக்கா சொன்ன?"

"வண்டி நின்னு பூட்ச்சு மேடம், டேப்பட் செட் பண்ணிகினு வந்தோம், சக்கரம் சுத்துனது நானுன்னு சொன்னேன். போய் நல்லா கழுவினு வான்னாங்க. கழுவினு வந்து எடுத்தேன். ஒரே குத்துல வந்துச்சு."

அந்தக் கோடையில் உத்தரவு வந்தது. ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். தினமும் போய்வர முடியாது. அங்கேயே வீடு பார்த்துக் குடிபோனார்கள். மாமா மில்லை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஒரு அரிசி மண்டியில் சேர்ந்தார். வண்டி அவரோடு போனது. நான் தவணையில் எனக்கென்று ஒரு வண்டி எடுத்தேன். பிறகு கல்யாணம், குழந்தைகள். இப்போது என் வீட்டு வாசலில் இரண்டு வண்டி நிற்கிறது. அக்கா பணி நிரந்தரமாகி, வீடு கட்டி, பிறகு பிறந்த பையனைக் காலேஜில் படிக்கவைக்கிறாள். பையன் கார் ஓட்டுகிறான். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்திருக்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அன்று காலையில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து என்ன கேட்டோமோ அது கிடைத்துவிட்டது.

டீக்கடை இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தமில்லை. கடைகள் வரும், போகும்.

போன பொங்கலுக்கு அக்கா குடும்பத்தோடு காரில் வந்தாள். மாமாவும் வந்தார், தலை முழுசாக நரைத்திருந்தது. சாப்பிட்ட பிறகு பெண்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, நானும் மாமாவும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். காபி வந்தது. மாமா ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"வேலையெல்லாம் எப்டி போவுது மச்சான்?"

"போவுது மாமா. உங்களுக்கு?"

"போவுது."

டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். எனக்கு அவரோடு பேச வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. என்ன பேசுவது என்று மட்டும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய பையன் வந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு, "போலாமா நைனா?" என்று அப்பாவைக் கேட்டான். மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.